சுவருக்கு வெளியே கிடந்த பெயர்

டன்பர் தபால் அலுவலகத்தில் நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். கோடைக்காலத்தில் கடிதம் வாங்க வருகிறவர்களைவிட வழி கேட்டு வருகிறவர்களே அதிகம். பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் குடும்பத்தோடு காரில் வந்து இறங்குவார்கள். கையில் அலன்சன் பிங்கம் எழுதிய அந்தத் தடிப் புத்தகம் இருக்கும்.

"அந்தத் துரோகியோட கல்லறை எங்கங்க இருக்கு?"

நான் தலையைக்கூட நிமிர்த்த மாட்டேன். ஜன்னல் பக்கம் கையை மட்டும் காட்டுவேன். "சர்ச்சுக்குப் பின்னாடி போங்க. சுவரத் தாண்டினா ஒரே ஒரு கல்லு தனியா நிக்கும். அதான்."

அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். கீழே கிடக்கிற கூழாங்கல் ஒன்றை எடுத்து அந்தக் கல்லின்மேல் வீசுவார்கள். பிறகு பசியெடுத்து விடுதிக்குச் சாப்பிடப் போவார்கள். இப்படி எத்தனை ஆயிரம் பேருக்கு நான் கை காட்டியிருப்பேனோ தெரியாது. ஆர்ஃபா டிங்லியின் கதையைச் சொல்ல வந்தால் என் கையையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

ஆர்ஃபா, பிங்கமுக்குத் தட்டச்சு செய்துகொடுத்தவள். இருபத்திரண்டு வயதில் அவர் வீட்டு மாடிப்படி ஏறினாள், அவர் செத்த அன்றுதான் கடைசியாக இறங்கினாள். உயரமானவள், ஒல்லி, அதிர்ந்து பேச மாட்டாள். பிங்கம் நின்றுகொண்டே எழுதுகிறவர். உயரமான மேஜையில் மஞ்சள் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கிறுக்கித் தள்ளுவார். அதைப் படிக்க இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். தட்டச்சு செய்வதோடு அவள் வேலை முடியாது. அந்தக் காலத்தில் பொத்தான் எதில் செய்தார்கள், இன்ன வருஷம் இன்ன தேதியில் நிலா எப்போது எழுந்தது, எல்லாம் அவள்தான் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கதைய நான் பாத்துக்கறேன். நிலா நேரத்துக்கு வருதான்னு ஆர்ஃபா பாத்துக்குவா" என்று அவர் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். பதினாலு சரித்திர நாவல் எழுதினார் மனுஷன். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. ஒரே ஒரு முன்னுரையில் 'என் விரல்களுக்கு நன்றி' என்று போட்டிருந்தார். அது தன்னைத்தான் சொல்கிறது என்று ஆர்ஃபா நம்பினாள். அவர் தன் விரலைத்தான் சொன்னார் என்பது என் கட்சி.

அவரைத் தூக்கி நிறுத்தியது இரண்டாவது நாவல், 1926-ல் வந்தது. சுதந்திரப் போர்க் காலத்தில் எங்கள் ஊரை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை கொளுத்துவதாகக் கதை. அவர்களுக்கு வழி காட்ட ஒருத்தி தன் வீட்டு ஜன்னலில் விளக்கு வைக்கிறாள். குழந்தைகள் உள்பட ஒன்பது பேர் வெந்து சாகிறார்கள். அவள் பெயர் டெம்பரன்ஸ் கேஜ். நானும் படித்தேன். இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் கழுத்தை நெரிக்க எனக்கே கை பரபரத்தது. அப்படி எழுதத் தெரிந்த ஆள்தான் அவர், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாடே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்தார்கள், படம் எடுக்க ஆள் வந்தார்கள். ஊரில் விடுதி வந்தது, நூலகத்துக்கு அவர் பெயர் வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆற்றங்கரையில் அந்தக் கதையை நாடகமாகப் போட ஆரம்பித்தோம். டெம்பரன்ஸ் விளக்கோடு மேடையேறினால் மொத்த ஊரும் எழுந்து நின்று ஊளையிடும். அந்த வேஷம் போடப் பெண்கள் அழுவார்கள். யார் தலையில் விழுகிறதோ அவள் அளவுக்கு அந்தச் சாம்பல் நிறக் கவுனைப் பிடித்துத் தைத்துக்கொடுப்பது ஆர்ஃபா.

பிற்பாடு வெளியுலகம் அவரை மறந்துவிட்டது. நியூயார்க்கில் விமர்சகர் ஒருவர் 'பழைய துணியும் புதுக் கண்ணீரும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கடைசி மூன்று நாவலை நாங்கள்தான் வாங்கினோம், மரியாதைக்கு. 1949-ல் அவர் செத்தபோது பெரிய பத்திரிகைகளில் ஆறு வரி வந்தது. எங்கள் ஊரிலோ ஒரு நாள் கடையடைப்பு. நாங்கள் அவரைச் சரித்திரமாகவே நம்பிவிட்டோம். ஊர் என்றைக்காவது எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எரிந்திருந்தால் 1760-ல் கட்டிய சர்ச் எப்படி இன்னும் நிற்கிறது என்றும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

1957 பிப்ரவரியில் ஊர்க்கூட்டத்துக்கான அறிக்கையை ஒட்டினேன். எங்கள் பக்கத்தில் மார்ச் இரண்டாம் செவ்வாய் ஊர்க்கூட்டம். பாலத்துக்குப் பலகை மாற்றுவதா, பனி தள்ளும் வண்டி வாங்குவதா என்று என்னென்ன ஓட்டுக்கு வரப்போகிறதோ அதெல்லாம் வரிசை எண் போட்டு முன்கூட்டியே தபால் அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். அந்த வருஷம் பதினேழாவது தீர்மானம், விடுதிக்கார ஹார்லன் ஹட்ச் கொண்டுவந்தது: 'துரோகி டெம்பரன்ஸ் கேஜின் கல்லறையில் இரும்புப் பலகை ஒன்றை நிரந்தரமாக நிறுவ ஊர் சம்மதிக்கிறதா?'

ஆர்ஃபா கடிதம் வாங்க வந்தவள் அதைப் படித்தாள். இரண்டாவது தடவை விரலை வைத்துப் படித்தாள். அப்புறம் அப்படியே தபால் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், அது அரசாங்கச் சொத்து. எந்திரி" என்றேன் விளையாட்டாக.

"லூ, ஆபீஸ மூடிட்டு வீட்டுக்கு வரியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்கே சொல்லணும்."

முப்பது வருஷமாகப் பழகியும் அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. யாரையுமே கூப்பிட்டதில்லை. ஆற்றைப் பார்த்த ஜன்னலின் திரையை அவள் ஏற்றியதே கிடையாது. சிக்கனம், விறகுச் சூடு வெளியே போகாமல் பார்க்கிறாள் என்று ஊரில் சொல்வோம்.

சமையலறைக்குள் நுழைந்ததுமே குப்பென்று வினிகர் வாடை.

"என்ன, ஊறுகாய் போட்டியா? ஒரு பாட்டில் எனக்கும் எடுத்து வை."

"இந்த வீட்ல நான் வினிகர் வாங்கி இருபத்தாறு வருஷம் ஆச்சு லூ." அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். "அந்த நாற்காலி வேண்டாம். இந்தப் பக்கம் உக்காரு."

நான் எழுந்து மாறி உட்கார்ந்தேன். அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைப் பார்க்காமல்தான் தேநீர் குடித்தேன்.

அவள் சொன்னது இது. துரோகிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பிங்கம் கேட்டிருக்கிறார். பழைய பெயராக இருக்கணும், வழக்குப் போட வாரிசு இருக்கக் கூடாது. பெயர் பொறுக்க எப்போதும் கல்லறைக்குத்தான் போவாள் ஆர்ஃபா, மங்கிய கற்களில் சாக்பீஸ் தேய்த்து எழுத்தைப் படிப்பாள். அன்றைக்குச் சுவருக்கு வெளியே அந்த ஒற்றைக் கல்லைப் பார்த்தாள். டெம்பரன்ஸ் கேஜ், 1777, வயது முப்பத்தொன்று. எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாகத்தான் புதைப்போம், கைக்குழந்தையைக்கூடத் தனியாக விட மாட்டோம். இவள் மட்டும் சுவருக்கு வெளியே.

"ஏதோ பண்ணிருக்கான்னு நெனச்சேன். பண்ணாம வெளியில போட்ருப்பாங்களா? அவர்கிட்டயும் அதான் சொன்னேன், 'இவ ஏதோ பண்ணிருக்கா, மிஸ்டர் பிங்கம்'னு. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

ஐந்து வருஷம் கழித்து, வேறு நாவலுக்காக, பழைய மருந்துகளைப் பற்றிக் குறிப்பெடுக்க சர்ச் மாடியிலிருந்த பெட்டிகளைக் கிளறியிருக்கிறாள். 1777-ல் இருந்த போதகர் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. ஊரில் பெரியம்மை வந்திருக்கிறது. நோய் கண்டவர்களை ஆற்றோரம் ஒரு குடிசையில் ஒதுக்கிவைத்தார்கள். பெற்ற தாய்கூட உள்ளே போகப் பயந்த அந்த அம்மை வீட்டுக்குள் டெம்பரன்ஸ் கேஜ் தானாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தொன்பது பேரை வினிகரால் துடைத்து, சோறூட்டி, இரவெல்லாம் விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டாள். பதினாலு பேர் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள். பிறகு அவளுக்கே கண்டது.

அந்தத் தாளின் கடைசி வரியை ஆர்ஃபா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'நோய் ஊருக்குள் பரவாதிருக்க அவளைச் சுவருக்கு வெளியே வைத்தோம். கர்த்தர் அவளை உள்ளே வைத்துக்கொள்வாராக.'"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "பிங்கம்கிட்ட காட்டினியா?"

"அன்னிக்கே ஓடினேன். படிச்சார். 'ஆர்ஃபா, நான் எழுதினது நாவல், சத்தியப் பிரமாணம் இல்ல'ன்னார். 'படிக்கிறவங்க கல்லு வீசறாங்களே'ன்னேன். 'கல்லறைக்கு வலிக்குமா?'ன்னார். மறுவாரம் படக் கம்பெனி ஆளுங்க வர்றதா இருந்துது. அப்புறம் மெதுவாச் சொன்னார், 'அடுப்பு உன் பக்கத்துலதான இருக்கு.'"

"பாவி. எரிச்சுட்டாரா?"

"அவர் தொடவே இல்ல. நான்தான் போட்டேன்." கையைப் பார்த்துக்கொண்டாள். "போட்டதும் என்னைப் பாத்துச் சிரிச்சார் லூ. ஏழு வருஷத்துல அதான் மொதல் தடவ."

அந்த வாரத்திலிருந்துதான் டெம்பரன்ஸ் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாளாம். முகத்தின்மேல் ஒரு துணி போட்டிருக்கும். அந்த நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. பேசியதில்லை.

"திட்டினா நல்லாருக்கும். திட்டவே மாட்டேங்கறா. அந்த நாடகக் கவுன நான் தைக்கும்போதெல்லாம் எதுக்க உக்காந்து பாத்துட்டு இருப்பா." திரை போட்ட ஜன்னலைப் பார்த்தாள். "நடந்து வந்தவங்க பதினாலு பேர் பேரும் அந்தத் தாள்ல இருந்துது. மூணாவது பேரு அமாஸ் டிங்லி, வயசு நாலு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா. அவ இல்லன்னா நான் இல்ல. நான் அவளுக்குப் பண்ணினதப் பாத்தியா?"

ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லப் போகிறேன் என்றாள். அவளுக்கு நான் சொன்ன யோசனையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "பேசாம இரு ஆர்ஃபா. போனவளுக்கு இனிமே என்ன ஆகப்போகுது? இருக்கறவ நீ. உன் பேருதான் நாறும்" என்றேன்.

கூட்டத்தன்று ஊர் முழுக்கச் சேறு. மதியம் சர்ச் பெண்கள் போட்ட பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் ஆப்பிள் பையும் தின்றுவிட்டு எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது பதினேழாவது தீர்மானம் வந்தது. ஹார்லன் எழுந்து, பலகை வைத்தால் வருகிறவர்கள் வழி தேட வேண்டாம், லூவுக்கும் கை வலி மிச்சம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆர்ஃபா எழுந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், அம்மை வீடு, தாள், அடுப்பு. குரல் நடுங்கவில்லை. பிறகு அந்தப் பதினாலு பெயரையும் சொன்னாள். காகிதம் எதுவும் பார்க்கவில்லை. ஒபதியா ஹட்ச், பத்து மாதக் குழந்தை. மெகிட்டபிள் ப்ராக்டர், வயது ஒன்பது. அமாஸ் டிங்லி, வயது நாலு. அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். பெஞ்சுகளில் ஒவ்வொருவராக முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். அந்தப் பெயர்களெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. பதினாலாவது பெயர் ஜோதம் லிபி. நான் கட்டிக்கொண்டு போன குடும்பத்தின் பெயர் லிபி.

ஹார்லன் தொண்டையைச் செருமினான்.

"மிஸ் டிங்லி, உங்கமேல எங்களுக்கு மரியாதை உண்டு. அந்தப் பேப்பர் எங்க?"

"எரிச்சுட்டேன்னு சொன்னேனே ஹார்லன்."

"அப்ப ஆதாரம் இல்ல. மிஸ்டர் பிங்கமும் பதில் சொல்ல உயிரோட இல்ல."

பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "அவ அவ்ளோ நல்லவன்னா, முப்பது வருஷமா அவ கவுனத் தச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் ஆர்ஃபா. உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் எழுந்து நின்று ஓட்டுப் போட வேண்டும். பலகை வேண்டும் என்றவர்கள் முதலில் நின்றார்கள், அறுபத்தொரு பேர். வேண்டாம் என்றவர்கள் அடுத்து நின்றார்கள். ஆர்ஃபாவையும் சேர்த்து ஏழு பேர். நான் இரண்டு தடவையும் எழுந்திருக்கவில்லை. தபால்காரி எல்லோருக்கும் பொது, யார் பக்கமும் சாயக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

மே மாதம் பலகை வந்தது. ஆர்ஃபா அந்த ஆகஸ்டில் கவுனைத் தொடவில்லை. தினமும் காலையில் ஏப்ரனோடு சுவரைத் தாண்டிப் போய் முந்தின நாள் விழுந்த கூழாங்கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு ஆற்றில் போட்டுவிட்டு வருவாள். பிங்கமின் விரல்கள் பொறுக்கி ஆகிவிட்டன என்று விடுதியில் கேலி பேசினார்கள்.

மறு ஜனவரியில் இரண்டு நாள் அவள் கடிதம் வாங்க வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். பகல் பதினோரு மணி, வெளியே பனி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆற்று ஜன்னலின் திரை முழுக்க மேலே ஏறியிருந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையல் மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் எதிரெதிரே இழுத்துப் போட்டிருந்தன. ஒன்றில் ஆர்ஃபா தலை சாய்ந்து கிடந்தாள். இன்னொன்று காலி. வினிகர் வாடை துளிக்கூட இல்லை. அவள் உடம்பு சில்லிட்டு ஒரு நாளாவது ஆகியிருக்கும். விளக்கில் எண்ணெய் விளிம்பு வரை இருந்தது. அதை யார் ஊற்றினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

தன்னைச் சுவருக்கு வெளியே, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தாள். குளிர்காலத்தில் எங்கள் மண் இரும்பாக உறைந்துவிடும், தோண்ட முடியாது. சாகிறவர்களைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் பெட்டியோடு வைத்து வசந்தம் வரக் காத்திருப்போம். அந்த நாலு மாதமும் ஊர் அதையே பேசித் தீர்த்தது. கடைசியில் ஹார்லனே, "பைத்தியந்தான், ஆனா நம்ம ஊர்க்காரி. கேட்டதக் குடுத்துருவோம்" என்றான். மே மாதம் குழி வெட்டினார்கள். கல்லில் பெயரும் வருஷமும் மட்டும் போட்டார்கள்.

ஜூலையில் ஒரு நாள், கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் கல்லறையைப் பார்த்துவிட்டுத் தபால் தலை வாங்க உள்ளே வந்தாள். விரல் நுனியெல்லாம் மண்.

"அந்தத் துரோகி பக்கத்துல இன்னொருத்தி இருக்காளே, ஆர்ஃபாவோ என்னவோ. அவ என்ன பண்ணினா? இவளுக்குக் கூட்டாளியா?" என்று கேட்டுச் சிரித்தாள். "எதுக்கும் இருக்கட்டும்னு அவமேலயும் ஒண்ணு போட்டுட்டு வந்தேன்."

ஏதோ பண்ணியிருக்கிறாள். பண்ணாமல் வெளியில் போட்டிருப்பார்களா? ஆர்ஃபா விஷயத்தில் அது சரிதான். அதற்காகத்தான் அவள் அங்கே போய்ப் படுத்தாள், அதுவும் எனக்குத் தெரியும். என் கை வழக்கம்போல ஜன்னல் பக்கம் போகப் பார்த்தது. நான் அதைப் பிடித்து மேஜைமேல் வைத்தேன்.

"அம்மா, இப்படித் திரும்பி இதப் பாருங்க" என்றேன். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். முப்பது வருஷமாக நான் தினமும் கடிதம் செருகிய பெட்டிகள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தேன். ஹட்ச். ப்ராக்டர். டிங்லி, இப்போது காலி. பதினாலு பெட்டியையும் தொட்டேன். கடைசியாக என்னுடையது.

"இவங்கள்லாம் யாரு?"

"நீங்க கல்லு போட்டீங்களே, அந்த மொதல் பொம்பள சாகாமக் காப்பாத்தி அனுப்பினவங்க. ரெண்டாவது பொம்பள அதச் சொல்லிப் பாத்தா. நான் கேட்டுட்டு உக்காந்திருந்தேன்."

அந்த அம்மாள் தபால் தலையை எடுக்காமலே போய்விட்டாள். ஆர்ஃபாவைப் புதைத்த அன்றுகூடச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றவள் நான். கதவைச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சுவரைத் தாண்டினேன். இரண்டு கல்லைச் சுற்றியும் கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஆற்றில் போட்டேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைத் திறந்தேன். உள்ளே வினிகர் வாடை. கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றேன். பிறகு போய் அவர்கள் இருவருக்கும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.